பொருள்: இரண்டாவது கிட்டார்

கிருஷ்ணகிரி,
9.7.2007

அன்புள்ள மாப்பிள்ளை ரத்தினவேல் அவர்களுக்கு,

வணக்கம். கெலமங்கலம் திருமண வரவேற்பு முடிந்து வாத்தியங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க மச்சான்" என்று பலர் முன்னிலையில் கூறினீர்கள். அந்த உத்தரவை நான் இன்றுவரை மீறவில்லை. கடிதம் எழுதுவது குறித்துத் தடை எதையும் தாங்கள் விதிக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று நடந்தது பற்றி என் தரப்பு கேட்கப்படவே இல்லை. இரண்டாவது பாடலின் நடுவில் என் ஐந்து கம்பி பேஸ் கிட்டாரின் ஓசை நின்றது. ஒயர் சொருகும் இடத்தில், உள்ளே, ஈயப்பற்று விட்டுப்போயிருந்தது. எவ்வளவு எச்சரிக்கையானவனும் திருகாணியைக் கழற்றாமல் இதை முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே கிட்டார் நின்றதற்கு நான் பொறுப்பல்ல.

அதன் பிறகு பாடகியிடமிருந்து மைக்கை வாங்கி நான் பேசியது குறித்து: நான் சொன்னது இரண்டே வாக்கியங்கள். "ஒலி நின்றதற்கு மணமக்கள் வீட்டார் எவ்விதத்திலும் பொறுப்பல்லர். இத்தடங்கல் முழுக்க முழுக்க எங்கள் குழுவைச் சார்ந்தது." விருந்துக்கு அழைத்தவர்கள் மீது பழி வரக்கூடாது என்பதே என் நோக்கம். 'தடங்கல்' என்ற ஒரு சொல்லுக்காகப் பெண்ணின் தாய்மாமன் செருப்போடு மேடை ஏறுவார் என்பதை நான் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

நிற்க. உங்கள் தொழிற்சாலை டூல் ரூமில் ஆயுத பூஜை அன்று மாலை நம் குழுவின் கச்சேரி இருப்பதாகவும், எனக்குப் பதிலாக அத்திப்பள்ளி சந்தோஷை அழைக்க நீங்கள் எண்ணியிருப்பதாகவும் தமிழ்செல்வி சொன்னாள். அவள் உங்கள் மனைவி ஆவதற்கு முன்பே எனக்குத் தங்கை என்பதால், அவள் சொன்னதைக் கேட்டதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

மாப்பிள்ளை, நான் நாள் முழுவதும் நீதிமன்றத்தில் பேசிப் பிழைப்பவன். அங்கே எதிரில் நிற்பவர் சொல்வதை மறுப்பதுதான் என் தொழில். பேசாமல், யாரையும் மறுக்காமல், நான்கு பேரோடு ஒத்துப்போய் நிற்க எனக்கு வாய்த்திருக்கும் ஒரே இடம் உங்கள் கீபோர்டுக்கு இடது பக்கம். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
இரா. கமலக்கண்ணன், பி.ஏ., பி.எல்.


ஓசூர்,
14.7.2007

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. அதைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டுமா? தபால்காரர் கையெழுத்துக் கேட்டதும் தமிழ்செல்வி பயந்துவிட்டாள். "யாருங்க நமக்கு நோட்டீஸ் உட்டது?" என்றாள். உன் அண்ணன் என்றேன். "அவனா, அப்ப சரி" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிட்டார் நின்றதற்கு எனக்குக் கோபமே இல்லை. மிஷின் என்றால் நிற்கும். அன்றைக்கு எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். பேஸ் நின்றது ஒருத்தருக்கும் தெரியவில்லை. டிரம்ஸ்காரரும் நானும் அப்படியே இழுத்துக்கொண்டு போயிருப்போம். நீங்கள் மைக்கைப் பிடித்த பிறகுதான் பாதிப் பேர் கையில் சோற்றோடு எழுந்து வந்தார்கள். தாய்மாமன் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, கண்ணாலத்துல வந்து தடங்கல்னு சொல்றானே, அவன் வக்கீலா வாத்தியக்காரனா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் நின்றால் லைனே நின்றுபோகும் என்கிற மிஷினுக்கு, பக்கத்திலேயே இன்னொன்றைத் தயாராக வைத்திருப்போம். அதே மாதிரி ஆயுத பூஜைக் கச்சேரியில் உங்கள் பக்கத்தில் இரண்டாவது ஐந்து கம்பி கிட்டார் ஒன்று சுதி சேர்த்துத் தயாராக நிற்க வேண்டும். இது முதல் கண்டிஷன். மேடையில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, வணக்கம் சொல்லக்கூட. இது இரண்டாவது.

ஒத்துவந்தால் வாருங்கள். இல்லாவிட்டால் சந்தோஷ் இருக்கிறான். டெம்போ ஓட்டுகிற கன்னடப் பையன், ஆனால் கை நல்ல கை. "ஆய்த்து சார்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசமாட்டான். எனக்கு இப்போது அதுதான் பெரிய தகுதியாகத் தெரிகிறது.

ரத்தினவேல்


கிருஷ்ணகிரி,
20.8.2007

பொருள்: இரண்டாவது கிட்டார் வாங்குதல்
பார்வை: தங்கள் கடிதம், நாள் 14.7.2007

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

பார்வையில் கண்ட கடிதத்தின் முதல் நிபந்தனையை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாவதை எதிர்ப்புடன் ஏற்கிறேன்.

முதல் நிபந்தனையை நிறைவேற்றச் சில ஞாயிற்றுக்கிழமைகளாகப் பெங்களூர் சென்று வருகிறேன். இதில் நான் சந்தித்த சிக்கலை நீங்கள் அறிய வேண்டும். மாற்றுக் கிட்டார் என்பது பாட்டின் நடுவில் கை மாற்றி எடுக்க வேண்டிய ஒன்று. கிட்டார் மாறியது என் விரல்களுக்குத் தெரியவே கூடாது. ஆகவே கம்பிகளுக்கு இடையிலான தூரம், கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜ் அருகே, என் கிட்டாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். என்னுடையது, ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடு வரை, பதினெட்டு மில்லிமீட்டர். கடைகளில் இருப்பவையோ ஒன்று பதினாறரை, இல்லாவிட்டால் பத்தொன்பது. பதினாறரையில் என் ஆள்காட்டி விரல் ஒரு கம்பியைச் சுண்டும்போதே அடுத்ததையும் உரசிவிடுகிறது. கூப்பிடாத சாட்சி போல அதுவும் பேசத் தொடங்குகிறது. பத்தொன்பதில் விரல் இறங்கும் இடத்தில் கம்பியே இல்லை.

முதலில் போன கடையில் ஒன்றை வாசித்துப் பார்த்துவிட்டு, இடைவெளி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர், "கை பழகிடும் சார்" என்றார். எவ்வளவு காலத்தில் பழகும் என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் கிட்டாரை வாங்கி உறையில் போட்டுவிட்டார்.

இதுவரை என் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தே அளந்து வருகிறேன். அதன் நம்பகத்தன்மை குறித்து எனக்கே ஐயம் உண்டு. ஆகவே பித்தளைத் தகட்டில் ஐந்து வெட்டுகளோடு ஓர் அளவுத் தகடு உங்கள் டூல் ரூமில் செய்து தர முடியுமானால், எந்தக் கடையிலும் அதைக் கம்பிகள் மீது வைத்த உடனே முடிவு தெரிந்துவிடும். எந்த வாக்குவாதத்துக்கும் இடமிராது.

இப்படிக்கு,
இரா. கமலக்கண்ணன்


ஓசூர்,
25.8.2007

மச்சானுக்கு,

அதற்குப் பெயர் கேஜ். செய்து தருகிறேன். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன், மீந்த தகட்டில் சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள் என்றார். "யாருக்குப்பா?" என்று கேட்டார். மச்சானுக்கு, கிட்டார் வாங்க என்றேன். "வாசிச்சுப் பாத்து வாங்க மாட்டாரா?" என்றார். அவர் வக்கீல் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு விவரம் வேண்டும். பதினெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். டாலரன்ஸ் எவ்வளவு? அதாவது பதினெட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு வரை போனால் உங்களுக்குச் சம்மதம்? அது இல்லாமல் ஓசூரில் ஒரு பொட்டுத் தகடுகூட யாரும் வெட்டமாட்டார்கள்.

ரத்தினவேல்


கிருஷ்ணகிரி,
30.8.2007

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். டாலரன்ஸ் எதையும் தர இயலாத நிலையில் உள்ளேன்.

இதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். ஒரு விலகலை முன்கூட்டியே ஒப்புக்கொள்பவன், அந்த விலகல் வந்து சேரும்போது ஆட்சேபிக்கும் உரிமையை இழக்கிறான். நான் அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால், கடைக்காரர் அந்த அரையோடு நிற்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பதினெட்டு என்றால் பதினெட்டு. அதன்படியே செய்து தரவும்.

இப்படிக்கு,
இரா. கமலக்கண்ணன்


ஓசூர்,
8.9.2007

மச்சானுக்கு,

கேஜைத் தமிழ்செல்வி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒயர்கட் மிஷினில் வெட்டியது. நீங்கள் கேட்டபடியே துளி ஏற்றம் இறக்கம் இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக எதையும் வெட்டியது கிடையாது. கம்பெனிக்குக்கூட வெட்டியதில்லை.

எங்கள் இன்ஸ்பெக்டர் முனிவேல் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தக் கேஜ் பாஸு. ஆனா இதுக்கு அடங்கற கிட்டாரு இனிமேத்தான் பொறந்து வரோணும்."

ஆயுத பூஜைக்கு நாள் அதிகம் இல்லை. சந்தோஷிடம் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவன் தினமும் போன் பண்ணுகிறான்.

ரத்தினவேல்


கிருஷ்ணகிரி,
24.9.2007

பொருள்: அளவுத் தகட்டின் பயன்பாடு குறித்த அறிக்கை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

தகடு மிக நேர்த்தியாக உள்ளது. என் மனைவி சுப்ரியா அதைச் சீப்பு என்று நினைத்துக் கண்ணாடி அருகே வைத்துவிட்டாள், மீட்டெடுத்தேன்.

இரண்டு ஞாயிறுகளில் பெங்களூரின் கடைகள் அனைத்தையும் பார்த்தாயிற்று. வெளிநாட்டுக் கிட்டார், உள்நாட்டுக் கிட்டார், ஒருவர் வாசித்துவிட்டு விற்ற கிட்டார் என எதுவும் தகட்டுக்குள் வரவில்லை. சிலவற்றில் மூன்று கம்பிகள் வெட்டுகளில் இறங்கும், நான்காவது மறுக்கும். ஒன்றில் நான்கு இறங்கின. ஐந்தாவது, தடித்த கம்பி, ஒரு தலைமயிர் அளவுக்கு வெளியே நின்றது. அந்தத் தலைமயிரை மன்னிக்கலாமா என்று நெடுநேரம் நின்றேன். மன்னிக்கவில்லை.

ஒரு கடையில் நடந்த நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். நான் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில் போய், பையிலிருந்து பித்தளைத் தகட்டை எடுத்து, ஒவ்வொரு கிட்டாராக வைத்துப் பார்த்து, குறித்துக்கொண்டே போனேன். சற்று நேரத்தில் முதலாளி காபி வரவழைத்தார். பிறகு வாழைப்பழம் வந்தது. பிறகு அவர் என் காதருகே வந்து, "சார், நம்ம கடையில எல்லாம் கரெக்டா இருக்கும், முன்னாடி வந்த சார் கூட பாத்துட்டுப் போனார்" என்றார். அவர் என்னை எடையளவு ஆய்வாளர் என்று எண்ணிவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் அப்படிப்பட்டவன் அல்ல, கிட்டார் வாங்க வந்தவன் என்றேன். அவர் நம்பவில்லை. கிட்டார் வாங்க வருகிறவர்கள் வாசித்துப் பார்ப்பார்கள் என்றார்.

நிலைமை இதுதான். என் முயற்சியில் குறை இல்லை. உலகம்தான் பதினெட்டு மில்லிமீட்டரில் செய்யப்படவில்லை. இதைக் கருதி, முதல் நிபந்தனையைத் தளர்த்துமாறு கோருகிறேன்.

இப்படிக்கு,
இரா. கமலக்கண்ணன்


ஓசூர்,
27.9.2007

மச்சான்,

அந்தக் கேஜை உங்கள் சொந்தக் கிட்டாரில் வைத்துப் பார்த்தீர்களா?

ரத்தினவேல்


கிருஷ்ணகிரி,
1.10.2007

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

வைத்துப் பார்த்தேன்.

இறங்கவில்லை.

இது குறித்து இப்போதைக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை. தமிழ்செல்வியிடமும் சொல்ல வேண்டாம்.

கமலக்கண்ணன்


கிருஷ்ணகிரி,
9.10.2007

பொருள்: இரண்டாவது கிட்டார் வாங்கப்பட்டது, அதையொட்டி எழும் ஒரு கேள்வி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மகிழ்ச்சியான செய்தி. கடந்த ஞாயிறன்று கிட்டார் வாங்கிவிட்டேன்.

தகட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, நான் முதன்முதலில் போன கடைக்கே திரும்பிப் போனேன். எதை எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்கி வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போயிற்று. அந்தக் கடையின் உட்பகுதியில் சன்னல் கிடையாது. கம்பியும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. கடைக்காரர் மெழுகுவத்தி தேடப் போயிருந்ததால் சும்மா நிற்பானேன் என்று வாசித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு நேரமும் என் விரல் ஒரு முறைகூடத் தவறான கம்பியில் விழவில்லை. இடைவெளியைப் பற்றி நான் நினைக்கவும் இல்லை. "இதைக் கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் என்னையே பார்த்தார். "வக்கீல் சார், மொதல் தடவ வந்தப்ப இதத்தானே நோடி, வாசிச்சுப் பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்க?" என்றார். ஆம் என்று ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று.

அதன் இடைவெளியை நான் இன்னும் அளக்கவில்லை. அளக்கவும் போவதில்லை. தெரிந்துகொண்டால் பிடிக்காமல் போய்விடுமோ என்று அச்சமாக உள்ளது.

இனிக் கேள்வி. ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் சட்டப் புத்தகங்களைப் பூஜையில் வைப்பது வழக்கம். இந்த ஆண்டு கிட்டாரையும் வைக்க வேண்டும் என்கிறாள் சுப்ரியா. போன வருஷம் வைக்காததால்தான் கெலமங்கலத்தில் அது நின்றுபோயிற்று என்பது அவள் முடிவு. வக்கீலுக்கு ஆயுதம் புத்தகம்தானே என்று வாதிட்டேன். "புத்தகம் கைலதான் இருக்கு, உங்க புத்தி பூரா கிட்டார்லதானே இருக்கு" என்றாள். வைப்பது என்று முடிவாயிற்று.

வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். ஆகவே பழைய கிட்டார் பூஜையில் இருக்கும். புதியது மேடைக்கு வரும். என் கேள்வி இதுதான்: பூஜையில் இருக்கும் கிட்டாரும் என் உடைமையில் இருப்பதாகவே கருதப்பட வேண்டும் என்பதால், இரண்டு கிட்டார் என்ற நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளலாமா?

இப்படிக்கு,
இரா. கமலக்கண்ணன்


ஓசூர்,
13.10.2007

மச்சானுக்கு,

கொள்ள முடியாது.

ஒரு கிட்டார் நின்றால் இன்னொன்றை எடுக்கத்தானே இரண்டாவது? அது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கிருஷ்ணகிரியில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன லாபம்?

என் கீபோர்டை நான் பூஜையில் வைப்பதில்லை. என் ஆயுதம் லேத்து. அதைக் காட்டி, பழைய கிட்டாரைப் பூஜையிலிருந்து எடுத்துவரும்படி உங்களிடம் கேட்கச் சொல்லலாம் என்று தமிழ்செல்வியைக் கூப்பிட்டேன். "சாமிகிட்ட வெச்சத எடுக்கச் சொல்றீங்களா? எங்க வூட்ல அந்தப் பழக்கமே கெடையாது" என்று என் மேலேயே பாய்ந்தாள். உங்கள் வீட்டுப் பெண்களோடு என்னால் வழக்காட முடியாது.

அதனால் வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். சந்தோஷ் வாசிப்பான். நீங்கள் உங்கள் புதுக் கிட்டாரோடு மேடைக்குக் கீழே நில்லுங்கள். அவனுடையது நின்றால் நீங்கள் ஏறலாம். நிற்காவிட்டால் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜி.எம். வருகிறார், தமிழ்நாட்டு யூனிட் முழுக்க வருகிறது. அன்றைக்கு எதுவும் நிற்கக் கூடாது.

ரத்தினவேல்


கிருஷ்ணகிரி,
22.10.2007

பொருள்: ஆயுத பூஜை மாலையில் நடந்தவை பற்றிய விளக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மேடையில் நீங்கள் மூன்று முறை என்னிடம் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் தருகிறேன். அப்போதே சொல்லாததற்குக் காரணம், உங்கள் இரண்டாவது நிபந்தனை.

நீங்கள் ஒலிபெருக்கிக்காரரோடு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, வாழைக்கன்று கட்டிய டெம்போவில் சந்தோஷ் வந்து இறங்கினார். கையை வீசிக்கொண்டு வந்தார். கிட்டார் எங்கே என்றேன். "பூஜையில இட்டிருக்காங்க சார். அம்மா பிடல்ல, தொடவே விடமாட்டேன்னுட்டாங்க" என்றார். டெம்போவுக்கும் பூஜை போட்டிருக்கிறதே, அதை மட்டும் எப்படி எடுத்தீர்கள் என்றேன். "வண்டி ஓட்டலேன்னா எப்பிடி சார் வர்றது?" என்றார். அத்திப்பள்ளி வழக்கத்தில் உள்ள இந்த வேறுபாட்டை ஆராய அப்போது நேரமில்லை. குழுவில் எப்படியும் ஒரு கிட்டார் இருக்கும் என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறார்.

ஆக, இரண்டு பேஸ் வாத்தியக்காரர்கள், ஒரு கிட்டார். அது என்னுடையது.

அதை என் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறியிருக்கலாம். எந்த நீதிமன்றமும் என்னைக் குறை சொல்லாது. ஆனால் வாசிக்க அழைக்கப்பட்டவர் அவர். நான் கீழே நிற்க அழைக்கப்பட்டவன். கிட்டாரை அவரிடம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்து வாங்கினேன். இது அவநம்பிக்கையால் அல்ல, பழக்கத்தால்.

அவர் மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். ஏதோ ஒரு பாட்டு, ஏதோ ஒரு சுதியில் வந்தது. நிறுத்திவிட்டு மேலிருந்து கீழாகக் கம்பிகளைப் பார்த்தார். "சார், மேல ஒந்து ஜாஸ்தி இதே!" என்றார். அவர் இதுநாள்வரை வாசித்ததெல்லாம் நான்கு கம்பி கிட்டார். மேலே ஒரு தடித்த கம்பி கூடுதலாக இருப்பதால் அவர் தொடும் ஒவ்வொன்றும் ஒரு கம்பி தள்ளியே விழுந்தது. மறுபடி முயன்றார். வியர்த்துவிட்டது. "நனகாகல்ல சார், என்னால ஆகாது. நீங்களே வாசிங்க" என்று கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு, சுண்டல் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அதே நேரம் உங்கள் மேலாளர் பெயர் சொல்லிக் கச்சேரியைத் தொடங்கிவிட்டீர்கள். நான் ஏறினேன்.

"சந்தோஷ் எங்க?" என்று முதலில் கேட்டீர்கள். சுண்டல் பக்கம் கையைக் காட்டினேன். நான் பசிக்கிறது என்கிறேன் என்று நினைத்து முறைத்தீர்கள். "யாரக் கேட்டு மேல ஏறினீங்க மச்சான்?" என்றது இரண்டாவது. மூன்றாவதை எழுத விரும்பவில்லை. தமிழ்செல்வியும் இதைப் படிக்கக்கூடும். எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் உடனே பேருந்துக்குப் புறப்பட்டதும் அதனால்தான். மேடை என்பது பலகையோடு முடிகிறதா, கொட்டகை முழுவதுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டு முழுவதும், இது நின்றுபோனால் பக்கத்தில் எதுவும் இல்லையே என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. இரண்டாவதிலும் இருந்தது. அதன்பிறகு அந்த எண்ணம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

என்னைக் குழுவிலிருந்து நீக்குவதானால், மேற்கண்டவற்றைப் பரிசீலித்த பிறகு நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கமலக்கண்ணன்


ஓசூர்,
26.10.2007

மச்சானுக்கு,

நீங்கள் போன பிறகு சந்தோஷே வந்து எல்லாவற்றையும் சொன்னான். வாயில் சுண்டலோடு சொன்னான். அதற்கு முன்னால் நான் உங்களை மனசுக்குள் திட்டியதெல்லாம் ரொம்ப அதிகம். மூன்றாவது கேள்வியை மறந்துவிடுங்கள்.

மேடைக்கு எதிரே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அந்த மேல் கம்பியை நீங்கள் இவ்வளவு நாளும் தொட்டதே இல்லை என்று நினைக்கிறேன், பயந்து பயந்து நடுவிலேயே வாசிப்பீர்கள். அன்றைக்கு நாலாவது பாட்டில் அதை இழுத்துவிட்டீர்கள் பாருங்கள், கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. லேத்தில் கட்டியிருந்த வாழைக்கன்றே ஆடியது. முனிவேல் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார். "சானமாவுக் காட்டுல இருந்து ஆனை எறங்கிருச்சோன்னு பாத்தேன்ப்பா" என்றார். செகண்ட் ஷிப்ட் பையன்கள் "வக்கீலு, இன்னொருக்கா!" என்று கத்தியது உங்கள் காதில் விழுந்ததா? கத்தியதால்தானே அடுத்த பாட்டிலும் இழுத்தீர்கள்?

ஜி.எம். கேட்டார், யார் அவர் என்று. என் மச்சான் சார் என்றேன். வழக்கமாக யார் கேட்டாலும் வக்கீல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு மச்சான் என்று வந்தது.

உங்கள் இடம் உங்களுக்குத்தான். யாரும் எடுக்கப்போவதில்லை. அடுத்த மாதம் கடைசியில் நாட்றாம்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு ஒத்துக்கொண்டிருக்கிறேன். மலைமேலே ரிப்பேருக்கு ஆளும் கிடையாது, கடையும் கிடையாது. இரண்டு கிட்டாரும் வரட்டும். சந்தோஷும் வருகிறேன் என்கிறான். ஐந்து கம்பியைக் கற்றுக்கொள்ளாமல் விடமாட்டானாம், உங்களிடம்தான் கற்பானாம். ஒன்றை அவனிடம் கொடுத்துவிடுங்கள். எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். ஆனால் தயவுசெய்து இந்த வருஷத்துக்குள் பண்ணுங்கள்.

ரத்தினவேல்


கிருஷ்ணகிரி,
5.11.2007

அன்புள்ள மாப்பிள்ளை,

நாட்றாம்பாளையத்துக்கு வருகிறேன். ஓசூருக்கே வந்து வேனில் ஏறிக்கொள்கிறேன்.

எந்தக் கிட்டாரைச் சந்தோஷிடம் கொடுப்பது என்பதில் நான் இரண்டு பக்கக் காரணங்களையும் எழுதி வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். பழையது எனக்கு நெடுநாள் துணை. ஈயப்பற்றும் புதிதாக வைத்தாயிற்று. புதியதிலோ விரல் தானாக இறங்குகிறது. அவர் விரல்கள் என்னுடையவற்றைவிட மெல்லியவை என்பதால் அவருக்கு எந்த இடைவெளி ஏற்றது என்பதும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று.

நேற்று லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவரே வீட்டுக்கு வந்தார். இரண்டு கிட்டார்களையும் கட்டிலில் வைத்து, விஷயத்தை முழுவதுமாக எடுத்துரைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சுப்ரியா காபிக்கு அடுப்பைப் பற்றவைத்த சத்தம் கேட்டது. அதற்குள் அவர் புதியதை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். "இது சார்!" என்றார். பழையதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அது என் கைக்கு வந்து சேர்வதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்லவில்லை. ஏன் இது என்று மட்டும் கேட்டேன்.

"கெம்பு சார்!" என்றார். "எவ்ளோ நல்லா இருக்கு, கெம்பு!"

அவர் டெம்போ ஏறிப் போன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். ஆமாம் மாப்பிள்ளை, அது சிவப்புதான். பார்ப்பதற்கும் மிக அழகாக இருக்கிறது.

அன்புடன்,
மச்சான் கமலக்கண்ணன்